வாய்ப்பு வரும் முன்னே, மும்பை வரும் பின்னே

ஒவ்வொரு ஆண்டும் வடகிழக்குப் பருவமழை சென்னையை எட்டிப் பார்க்கும் அதே வாரங்களில் இன்னொன்றும் வந்து சேரும்: ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டின் வாய்ப்பு. 'இந்த வருஷம் டீம் செம பலம்' என்று பேச்சு கிளம்பும். மழைகூடச் சில ஆண்டுகளில் ஏமாற்றியிருக்கிறது. இந்தப் பேச்சு ஏமாற்றியதே இல்லை, தவறாமல் வரும். கோப்பைதான் வராது.

1934-ல் தொடங்கிய போட்டி இது. 2025 வரைக்கும் நம் கணக்கு: கோப்பை 2, இறுதி ஆட்டத்தில் தோல்வி 10. அந்தப் பத்தில் ஐந்து சேப்பாக்கத்தில் நடந்தவை. நம் ரோலரை உருட்டி, நம் தண்ணீரைத் தெளித்து, நாமே சமைத்த ஆடுகளத்தில் நாமே தோற்றோம். மும்பை இதே காலத்தில் 42 முறை வாங்கிவிட்டது. அவர்கள் வீட்டில் கோப்பைகளுக்கு வெள்ளி பாலிஷ் போடவே தனி ஆள் வேண்டியிருக்கும்.

இந்தச் சரித்திரத்தை எழுத மூலக்கொத்தளத்தானுக்கு என்ன யோக்கியதை என்று மயிலாப்பூரில் புருவம் உயரலாம். உயரட்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளை கையில் கிளவுஸ் மாட்டினால் அது மூக்கை உடைக்க. விக்கெட் கீப்பிங் செய்ய அல்ல. ஆனாலும் எங்களுக்கு இரண்டு தகுதிகள் உண்டு.

முதல் தகுதி, சுடுகாடு. மூலக்கொத்தளம் என்றாலே ஊருக்கு நினைவு வருவது அதுதான். மொழிப்போரில் 1939-ல் உயிர்விட்ட நடராசனும் தாளமுத்துவும் உறங்கும் மண் அது. அவர்களை யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம். ஆனால் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சில் தமிழ்நாட்டு அணியின் வாய்ப்பை நல்லடக்கம் செய்ய ஓரமாக ஆறடி இடம் ஒதுக்கித் தர எங்களால் முடியும். மரண கானா பாட ஆளும் இங்கேயே கிடைக்கும், வெளியிலிருந்து செலவழித்துக் கூட்டி வர வேண்டியதில்லை.

இரண்டாவது தகுதி, எங்கள் பேட்டையே காலம் தவறிய ஃபீல்டிங்கில் பிறந்தது. 1758 கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் போன பிறகு ஆற அமர யோசித்த கும்பெனி, கறுப்பர் நகரத்தைச் சுற்றிப் பெரிய மதில் எழுப்பியது. பந்து பவுண்டரிக்குப் போன பிறகு அதே இடத்தில் ஆளை நிறுத்தும் கேப்டன்சி இந்த ஊரில் அன்றே வந்துவிட்டது. அந்த மதிலின் மூலையில் நின்ற கொத்தளம்தான் எங்கள் ஊர். மதிலைக் காக்கக் குடிமக்களிடம் வரி போடத் திட்டமிட்டார்கள். வரி வசூலான பாடில்லை. வால்டாக்ஸ் ரோடு மட்டும் இன்றும் இருக்கிறது. ஆக, கைக்கு வராத ஒன்றை வந்ததுபோலவே பேசிக்கொண்டு இரண்டரை நூற்றாண்டு ஓட்டிய அனுபவம் எங்களுக்கு இருக்கிறது. ரஞ்சி பற்றிப் பேச இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி புராணம்.

ஆதியில் புச்சிபாபு நாயுடு இருந்தார். சேப்பாக்கத்தில் வெள்ளைக்காரர்கள் பெவிலியனில் உட்கார்ந்து சாப்பிட, நம் ஆட்கள் மரத்தடியில் இலை விரிக்க வேண்டியிருந்தது என்பது கர்ண பரம்பரைக் கதை. கடுப்பான புச்சிபாபு 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கி, எஸ்பிளனேடு திடலில் இந்தியர்களைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தார். எஸ்பிளனேடு என்பது கோட்டைக்கு வடக்கே. அதாவது எங்கள் பக்கம். மயிலாப்பூர் இதைக் குறித்துக்கொள்ளட்டும். வெள்ளையர்களோடு இந்தியர்கள் மோதும் ஆட்டத்துக்கு 1908-ல் நாள் குறித்து எல்லா ஏற்பாடும் முடித்தார். ஆட்டம் தொடங்கும் முன் காலமாகிவிட்டார். கடைசிக் கட்டம் வரை எல்லாம் சரியாகப் போய், கடைசியில் கை நழுவுவது என்ற நம் மரபை ஸ்தாபகரே உயிரைக் கொடுத்துத் தொடங்கி வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

அவர் பெயரில் இன்றும் ஒரு போட்டி நடக்கிறது. ரஞ்சி சீசனுக்கு முன்னால் மற்ற மாநில அணிகளை எல்லாம் அழைத்து, நம் மைதானங்களில் ஆடவிட்டு, நன்றாகப் பதம் பார்த்துத் தீட்டி அனுப்பி வைக்கிறோம். தீட்டிய கத்தி சில மாதம் கழித்து யார் கழுத்துக்கு வருகிறது என்பதை ஊரே அறியும். வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்று சும்மாவா சொன்னார்கள்?

1934 நவம்பர் 4. ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சேப்பாக்கத்தில், சென்னைக்கும் மைசூருக்கும். முதல் பந்தை வீசியவர் நம் எம்.ஜே. கோபாலன். மைசூர் 48-க்கு சுருண்டது. சென்னை 130. மறுபடி மைசூர் 59. ஒரே நாளில், ஒரு இன்னிங்ஸும் 23 ரன்னும் வித்தியாசத்தில் கதை முடிந்தது. ஏ.ஜி. ராம்சிங் 35 ரன் கொடுத்து 11 விக்கெட் எடுத்தார். நான்கு இன்னிங்ஸ் ஆட்டத்தை ஒரே பகலில் முடித்துவிட்டு மாலைக் காபிக்கு வீடு போனவர்கள் நாம். அன்று இரவு சென்னையில் யாராவது 'இனி வருஷா வருஷம் நமக்குத்தான்' என்று சொல்லியிருப்பார். அந்த ஆள் யாரென்று தெரிந்தால் அவர் வாரிசுகளிடம் நஷ்ட ஈடு கேட்கலாம்.

ராம்சிங் கடைசிவரை இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட ஆடவில்லை. இந்தத் தகவலை ஓரமாக எழுதி வையுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கோபாலன் கதை தனி. கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய மனிதர். 1936-ல் அவர் முன் இரண்டு கப்பல்கள் நின்றன. ஒன்று ஹாக்கி அணியோடு பெர்லின் ஒலிம்பிக்ஸுக்கு. இன்னொன்று கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்துக்கு. கோபாலன் வாய்ப்புகளைச் சீர்தூக்கிப் பார்த்து கிரிக்கெட் கப்பலில் ஏறினார். ஹாக்கி அணி தியான்சந்த் தலைமையில் தங்கம் வாங்கி வந்தது. இங்கிலாந்தில் கோபாலனை ஒரு டெஸ்டில்கூட இறக்கவில்லை. வாய்ப்பைக் கணிப்பதில் நம் ஊருக்கு உள்ள ராசி இதுதான்.

1935-36-ல் முதல் முறையாக இறுதிக்கு வந்தோம். எதிரில் பம்பாய். தோற்றோம். 1940-41-ல் மறுபடி இறுதி, இந்தத் தடவை சென்னையிலேயே. எதிரில் மகாராஷ்டிரம். அவர்களுக்குக் கேப்டன் டி.பி. தேவ்தர், புனேயில் சமஸ்கிருதப் பேராசிரியர், ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த வயது. அந்த வயதில் நம் ஊரில் ஆண்கள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்கள். பேராசிரியர் வந்து கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். அவரும் டெஸ்ட் ஆடியவர் இல்லை. எழுதி வையுங்கள்.

பிறகு அதிசயம் நடந்தது. 1954-55, இந்தூர், எதிரில் ஹோல்கர் அணி. அது மகாராஜா வீட்டுச் செல்லப்பிள்ளை. சி.கே. நாயுடு, முஷ்டாக் அலி என்று ஆளை மயக்கும் பெயர்களைக் கொண்டு கட்டிய அணி. அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே போய் 46 ரன் வித்தியாசத்தில் ஜெயித்தோம். ராம்சிங்கின் மகன் கிருபால் சிங் 75-ம் 91-ம் எடுத்தார். அப்பா தொடங்கி வைத்ததை மகன் முடித்து வைக்க இருபது வருஷம் ஆயிற்று. சீக்கியக் குடும்பம்தான், ஆனால் திருவல்லிக்கேணி வாசம். சென்னைக்குக் கோப்பை வாங்கித் தரப் பாதி ரத்தம் அமிர்தசரஸிலிருந்து வரவேண்டியிருந்தது. கேப்டன் யார் தெரியுமா? பாலு அழகனன். டெஸ்ட் ஆடாதவர். பிற்காலத்தில் வானொலியில் வர்ணனை செய்தவர். அவருக்குப் பின்னால் வந்த கேப்டன்கள் பலருக்கும் கோப்பையைக் கையில் எடுத்து வர்ணிக்கும் பாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

1967-68 இறுதியில் மறுபடி பம்பாய், மறுபடி தோல்வி. இதை நீட்டுவானேன்? மகா காவியத்துக்கு வருவோம்.

1972-73 இறுதி, சேப்பாக்கம். பம்பாய் அதற்கு முன் தொடர்ந்து 14 வருஷம் கோப்பை வாங்கியிருந்தது. இந்த முறை விடக்கூடாது என்று நம்மவர்கள் கங்கணம் கட்டினார்கள். நம்மிடம் வெங்கட்ராகவன் இருக்கிறார், வி.வி. குமார் இருக்கிறார், இருவரும் பந்தைச் சுழற்றினால் பம்பரம் கெட்டது. எனவே பந்து முதல் நாளிலிருந்தே பரதநாட்டியம் ஆடும்படி ஒரு ஆடுகளம் தயாரானது. திட்டம் அபாரம். பம்பாய் 151-க்கு காலி. ஊரே கொண்டாட்டம்.

திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. பந்து சுழலும் மண்ணுக்கு யார் எந்த ஊர் என்று பார்க்கத் தெரியாது. எதிரணியிலும் ஒரு சுழற்பந்துக்காரர் இருந்தார், பத்மாகர் ஷிவால்கர். முதல் இன்னிங்ஸில் 16 ரன்னுக்கு 8 விக்கெட். தமிழ்நாடு 80. பம்பாய் இரண்டாம் முறை 113. போகட்டும், இப்போதாவது அடிப்போம் என்று இறங்கினால் ஷிவால்கர் 18 ரன்னுக்கு 5, மறுமுனையில் சோல்கர் 5. தமிழ்நாடு 61. பம்பாய் 123 ரன்னில் வெற்றி. ஐந்து நாள் நடக்க வேண்டிய இறுதி ஆட்டம் இரண்டு நாள், ஒரே ஒரு பந்தில் முடிந்தது. மூன்றாம் நாள் காலையில் டிக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அவசர அவசரமாக உள்ளே நுழைந்தவர், உட்காருவதற்குள் எழுந்து வீடு திரும்பியிருப்பார். தன் வினை தன்னைச் சுடும் என்பதற்கு இனி பாடப் புத்தகத்தில் வேறு உதாரணம் தேட வேண்டாம்.

அந்த ஷிவால்கரும், இந்திய அணியில் பேடி சுழற்றிக்கொண்டிருந்த காலத்தில் பிறந்த பாவத்துக்கு ஒரு டெஸ்டும் ஆடவில்லை. எழுதிக்கொண்டீர்களா?

1987-88. 33 வருஷ விரதம் முடிந்தது. சேப்பாக்கத்தில் ரயில்வேஸ் அணியை ஒரு இன்னிங்ஸும் 144 ரன்னும் வித்தியாசத்தில் நசுக்கினோம். நம் ஸ்கோர் 709. பேசின் பிரிட்ஜ் சிக்னலில் ரயிலுக்காக ஆயுளில் பாதியைக் காத்துக் கழித்த எங்களுக்கு, ரயில்வேயை ஒருத்தன் இப்படிக் காக்க வைத்ததில் தனிச் சந்தோஷம். கேப்டன் எஸ். வாசுதேவன். இவரும் இந்தியாவுக்கு ஆடாதவர்.

வெற்றி தலைக்கு ஏறியது. அடுத்த சீசனில் கோவாவைப் பிடித்து 6 விக்கெட்டுக்கு 912 ரன் அடித்து டிக்ளேர் செய்தோம். ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம்: டபிள்யூ.வி. ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302. கோவாக்காரர்கள் பாவம், ஒரு கட்டத்தில் எல்லைக்கோட்டிலேயே பாய் விரித்துப் படுத்திருக்கலாம். அந்த வருஷம் கோப்பை யாருக்கு? டெல்லிக்கு. 912 ரன்னைக் கொஞ்சம் பிரித்து, அடுத்தடுத்த இறுதி ஆட்டங்களுக்கு என்று சேமிப்புக் கணக்கில் போட வசதி இருந்திருந்தால் இன்று நிலைமை வேறு.

அதன் பிறகு தோல்வியைச் சில்லறையாக வாங்காமல் மொத்தமாகவே வாங்கினோம். 1991-92-ல் டெல்லியிடம். 1995-96-ல் கர்நாடகத்திடம். 2002-03-ல் மும்பையிடம், அவர்கள் ஊரில். அது ஏதோ மைதானக் கோளாறு என்று நினைத்து 2003-04-ல் அதே மும்பையைச் சேப்பாக்கத்துக்கு வரவழைத்து, இங்கேயும் தோற்று, மைதானத்தின் மேல் தப்பில்லை என்பதை விஞ்ஞான முறையில் நிரூபித்தோம்.

2012 ஜனவரி, சேப்பாக்கம், எதிரில் ராஜஸ்தான். 1973 பாடத்தை மறக்கவில்லை என்று காட்டுவதுபோல இந்த முறை ஆடுகளம் தார்ச்சாலை. ராஜஸ்தானின் வினீத் சக்சேனா மட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பொங்கலே முடிந்துவிட்ட மாதத்தில், அவர் மட்டும் முடியவில்லை. 257 ரன் எடுத்த பிறகுதான் இறங்கி வந்தார். அணி 621. நாம் 295. முதல் இன்னிங்ஸ் முன்னிலையில் கோப்பை பாலைவனத்துக்குப் போனது. சக்சேனா இந்திய அணிக்கு ஆடியவரா? நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

2015 மார்ச், மும்பை வான்கடே, எதிரில் கர்நாடகம். நாம் 134. கர்நாடகம் 762. கருண் நாயர் 328. அன்றைய தேதியில் அவர் தலையிலும் இந்தியத் தொப்பி ஏறவில்லை. ஒரு இன்னிங்ஸும் 217 ரன்னும் வித்தியாசம். அடுத்த ஆண்டு டிசம்பரில் இதே கருண் நாயர் இந்தியாவுக்காக இங்கிலாந்தை அடித்து 303 எடுத்தார், எங்கே? சேப்பாக்கத்தில். நம் ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. அடி வாங்கியவனே அடித்தவனுக்கு ஆரத்தி எடுக்கும் பெருந்தன்மை வேறு எந்த நாட்டில் உண்டு? அந்தப் பெருந்தன்மைக்குக் கூலி 2025 பிப்ரவரியில் கிடைத்தது. கருண் நாயர் இப்போது விதர்ப அணிக்கு மாறியிருந்தார். நாக்பூரில் காலிறுதி. எதிரில் நாம். 122 அடித்தார். 198 ரன்னில் தோற்றோம். மனிதர் மாநிலத்தை மாற்றினாலும் வாடிக்கையாளரை மாற்றவில்லை.

இதற்கு நடுவில் 2024 அரையிறுதி, மும்பையில், மும்பையோடு. டாஸை ஜெயித்தோம். புல் படர்ந்த ஆடுகளத்தில் முதலில் பேட்டிங் என்று கேப்டன் சாய் கிஷோர் முடிவெடுத்தார். 146-க்கு காலி. ஆனாலும் மும்பையை 7 விக்கெட்டுக்கு 106 என்று மடக்கினோம். மூலக்கொத்தளம் டீக்கடையில் உரையாடல் இப்படிப் போயிருக்கும்:

"இன்னா தலைவரே, இந்த வாட்டி அட்ச்சிடுவோமா?"

"அடி உறுதி நைனா. யாருக்கு வுழும்னுதான் தெர்ல."

ஷர்துல் தாக்குர் வந்து 109 அடித்தார். தனுஷ் கோட்டியான் ஆட்டமிழக்காமல் 89. மும்பை 378. நாம் மறுபடி 162. ஒரு இன்னிங்ஸும் 70 ரன்னும். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கே ஆட்டத்தைத் தோற்றுவிட்டோம் என்று நம் பயிற்சியாளர் சுலக்ஷன் குல்கர்னி பத்திரிகையாளர்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். கேப்டனை இப்படிக் கைவிடலாமா என்று தினேஷ் கார்த்திக் சீறினார். குல்கர்னி மும்பைக்காரர் என்பது கூடுதல் மசாலா. தோற்றதுகூடப் பழகிவிட்டது. தோற்ற நேரத்தை நிமிஷக் கணக்காகக் குறித்துக் கொடுத்தது அதுவே முதல் முறை.

அதே ஆண்டு ஆகஸ்டில் இன்னொரு கூத்து. புச்சிபாபு போட்டியில் நம் சங்கத்து அணி, சூர்யகுமார் யாதவும் ஸ்ரேயாஸ் ஐயரும் ஆடிய மும்பையை 286 ரன்னில் புரட்டிப் போட்டது. ஆகஸ்டில் நம்மை அடிக்க ஆளில்லை. ரஞ்சி மார்ச்சில் முடிகிறது என்பதுதான் சின்னச் சிக்கல்.

நியாயமாகப் பார்த்தால் நமக்கு என்ன குறை? சென்னை லீக் மாதிரி பணமும் பவிசும் உள்ள கிளப் போட்டி நாட்டிலேயே அபூர்வம். வெளிமாநில வீரர்கள் வரிசையில் நின்று வந்து ஆடுகிறார்கள். குட்டிப் போட்டிகளில் நாம் ராஜா. இருபது ஓவர் சையது முஷ்டாக் அலி கோப்பை மூன்று முறை நமக்கு வந்திருக்கிறது. 2021-ல் கடைசிப் பந்தில் ஷாருக் கான் சிக்ஸர் அடித்துக் கர்நாடகத்தை அழவைத்தார். ஐம்பது ஓவரில் 2022-ல் அருணாசலப் பிரதேசத்தை 506 அடித்தோம், ஜெகதீசன் மட்டும் 277. ஒரே நாளில் முடியும் எதையும் நாம் ஜெயிப்போம். 1934-ல் மைசூரை ஜெயித்ததும் ஒரே நாளில்தானே! நான்கு நாள், ஐந்து நாள் என்று இழுத்தால்தான் இடையில் யோசிக்க நேரம் கிடைத்து, காரியம் கெடுகிறது.

எங்கள் வட சென்னை இந்த விஷயத்தில் தெளிவு. இங்கே கேரம் போர்டு போதும். மரிய இருதயம் இரண்டு முறை உலகச் சாம்பியன், 1996-ல் அர்ஜுனா விருது. வியாசர்பாடி இளவழகி 2008-ல் உலகச் சாம்பியன். 2024-ல் செரியன் நகரின் காசிமா, ஆட்டோ ஓட்டுநரின் மகள், அமெரிக்காவுக்குப் போய் மூன்று தங்கத்தோடு திரும்பினார். போரிக் பவுடர் தூவிய பலகை மீது எந்தப் பிட்ச் குறித்தும் யாரும் சண்டை போட்டதில்லை. டாஸ் குறித்துப் பயிற்சியாளர் பேட்டி கொடுத்ததில்லை. உலகக் கோப்பை எங்கள் தெருவில் இருக்கிறது. ரஞ்சிக் கோப்பையை ஆற்றுக்கு அந்தப் பக்கம் உள்ளவர்கள்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஓரமாக எழுதச் சொன்ன பெயர்களை இப்போது எடுங்கள். 1934-ல் நமக்கு ராம்சிங். 1941-ல் எதிரிக்குத் தேவ்தர். 1955-ல் நமக்கு அழகனன். 1973-ல் எதிரிக்கு ஷிவால்கர். 1988-ல் நமக்கு வாசுதேவன். 2012-ல் எதிரிக்குச் சக்சேனா. 2015-ல் இன்னும் தொப்பி வாங்காத கருண் நாயர். புரிகிறதா? இந்தியத் தேர்வாளர்கள் கண்ணில் படாதவன் எந்தப் பக்கம் இருக்கிறானோ, அந்தப் பக்கம் கோப்பை சாய்கிறது. நாம் வாங்கிய இரண்டையும் தூக்கிப் பிடித்த இரண்டு கேப்டன்களும் டெஸ்ட் தொப்பி போடாதவர்கள். சாய் கிஷோரைப் பாருங்கள்: 2023-ல் ஹாங்சூ ஆசிய விளையாட்டில் இந்திய உடையை மாட்டினார், சில மாதத்தில் அரையிறுதி போயிற்று. ஷர்துல் தாக்குரும், 2025-ன் கருண் நாயரும் தொப்பிக்காரர்கள்தானே என்று யாராவது மடக்கினால், சோதிடத்தில் பரிகாரம் இருப்பதுபோல ஆராய்ச்சியில் விதிவிலக்கு உண்டு என்று சொல்லிச் சமாளிப்போம்.

ஆகவே வரும் சீசனுக்குத் தமிழ்நாட்டின் வாய்ப்பு பிரகாசமாகவே இருக்கிறது. ஒரே நிபந்தனை. நல்ல பையன் ஒருவனைப் பிடித்துக் கேப்டன் ஆக்குங்கள். அவன் எவ்வளவு அடித்தாலும் டெல்லிக்கும் மும்பைக்கும் தகவல் போகக் கூடாது. ஐ.பி.எல். ஏலத்தில் பெயர் கொடுக்க விடாதீர்கள். இந்திய அணித் தேர்வாளர் எவராவது சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கிச் சேப்பாக்கத்துக்கு வழி கேட்டால், பதற வேண்டாம். அந்த வேலையை மூலக்கொத்தளம் பார்த்துக்கொள்ளும். ஆட்டோவில் ஏற்றி நேராக எண்ணூருக்கு அனுப்பிவிடுகிறோம், மீட்டருக்கு மேல் ஐம்பது ரூபாய் போட்டு.